வீட்டு ஸ்டுடியோ இன்டர்ஃபேஸையும் பிளக்-இன்களையும் வைத்து மேடைக் கச்சேரியை மிக்ஸ் செய்யலாமா?

நெல்லை கீபோர்டு:

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா), கல்யாண வரவேற்பு, எப்போதாவது கல்லூரி ஆண்டு விழா, இவைதாம் எங்கள் மேடைகள். ஆண் குரல் இரண்டு, பெண் குரல் ஒன்று, கீபோர்டு இரண்டு, ரிதம் பேட், தபலா, டோலக், பேஸ் கிடார், லீட் கிடார், புல்லாங்குழல். கூட்டிப் பார்த்தால் பதினைந்து சேனல் வருகிறது.

கொடை என்றால் மைக்செட்டைக் கமிட்டியே பேசி வைத்திருக்கும். போய்ப் பார்த்தால் 12 சேனல் அனலாக் மிக்சர் ஒன்று, அதில் ஒரே ஒரு எக்கோ. அந்த எக்கோ பாடகர் மேலும் விழும், தபலா மேலும் விழும், நடுவில் ஒருவர் வந்து நன்கொடையாளர் பட்டியலை வாசித்தால் அதன் மேலும் விழும். இதே பாடகர்களை என் வீட்டில் பதிவு செய்து மிக்ஸ் செய்திருக்கிறேன். அவர்கள் குரல் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். மேடையில் அந்தக் குரல் ஊருக்குக் கேட்பதே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என்னிடம் இருப்பவை: ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி), அதோடு ஏடாட் (ஒளியிழை) கேபிளில் இணைத்த பெரிஞ்சர் ஏடிஏ8200. ஆக 16 மைக் உள்ளீடு கிடைக்கிறது. விண்டோஸ் லேப்டாப், 16 ஜிபி ராம், ரீப்பர் மென்பொருள். பிளக்-இன்கள் (ரீப்பருக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒலித்திருத்த மென்பொருள்கள்) போதுமான அளவு உண்டு.

மிக்சரே இல்லாமல், எல்லா மைக்கையும் இன்டர்ஃபேஸில் செருகி, ரீப்பரில் ஒவ்வொரு சேனலுக்கும் ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஏற்றி இறக்குவது), கம்ப்ரெஸ்ஸர் (உரத்த இடங்களை அமுக்குவது), நல்ல ரிவெர்ப் (அறை எதிரொலி) போட்டு, அங்கிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துவிட்டால் என்ன? பஃபர் (கணினி ஒரு தடவைக்குப் பிடித்துவைக்கும் ஒலியின் அளவு) எவ்வளவு வைப்பது? மேடை மானிட்டரையும் அதிலிருந்தே கொடுக்கலாமா? ஆண் குரல்களில் ஒருவருக்கு (யாரென்று சொல்ல மாட்டேன், அவரும் இங்கே படிக்கிறார்) சுருதி திருத்தும் பிளக்-இன் போட வேண்டும் என்று குழுத் தலைவர் ஆசைப்படுகிறார். அது நடக்குமா?

முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஞாயிறு ஆராதனை:

முடியும் நண்பரே. நாகர்கோவில் பக்கம் எங்கள் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் அப்படித்தான் நடக்கிறது. ஆர்எம்இ இன்டர்ஃபேஸ், ஒரு மேக் மினி. பாடகர் குழு, கீபோர்டு, கிடார், கஹோன் எல்லாம் அதில்தான். போதகரின் மைக் மட்டும் தனி வழி.

ஒரே நிபந்தனை, காதில் மாட்டும் மானிட்டர் எதையும் கணினி வழியாகக் கொண்டுபோகாதீர்கள். ஆர்எம்இயின் டோட்டல்மிக்ஸ், இன்டர்ஃபேஸுக்கு உள்ளேயே ஒலியைக் கலந்து கொடுத்துவிடும். கணினியின் பஃபர் எவ்வளவு இருந்தாலும் பாடகருக்குத் தெரியாது. சபைக்குப் போகும் ஒலி மட்டும் பிளக்-இன் வழியாகப் போகட்டும். உங்கள் ஸ்கார்லெட்டிலும் ஃபோகஸ்ரைட் கன்ட்ரோல் மென்பொருளில் இப்படி ஓர் உள் மிக்சர் இருக்கிறது.

இன்னொன்று, ஏடிஏ8200ஐ 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, ஸ்கார்லெட்டின் கிளாக்கை (சாம்பிள் எடுக்கும் தாளக் கணக்கை) ஏடாட் என்று மாற்றிவிடுங்கள். இரண்டும் தனித்தனிக் கிளாக்கில் ஓடினால் நடுநடுவே டிக் டிக் என்று சத்தம் வரும், காரணம் தெரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பஃபரை 128இல் தொடங்குங்கள்.

பழைய மைக்செட்:

தம்பி, கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் பதில் நீளமாகவே வரும். தென்மாவட்டங்களில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். நீங்கள் திட்டுகிற அந்த 12 சேனல் மிக்சரும் ஒற்றை எக்கோவும் எங்கள் கடையிலும் இருந்தவைதான். ஒன்று இன்னும் பரணில் கிடக்கிறது. கோபமெல்லாம் இல்லை.

முதலில் தாமதக் கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிசெகண்டு. ஒலி உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை, ஆக 5.3. இதன்மேல் அனலாக்கை டிஜிட்டலாக்கும் நேரம், திரும்ப அனலாக்காக்கும் நேரம், யூஎஸ்பி டிரைவர் தன் பாதுகாப்புக்காகச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் கூடுதல் பஃபர். எல்லாம் சேர்ந்து ஒன்பது பத்துக்குப் போய்விடும். மென்பொருளின் மூலையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு வெளியீட்டில் இருந்து ஓர் உள்ளீட்டுக்குக் கேபிள் போட்டு, ஒரு கிளிக்கை வெளியே அனுப்பித் திரும்பப் பதிவு செய்து, இரண்டுக்கும் இடையே எத்தனை சாம்பிள் என்று எண்ணுங்கள். ரீப்பர் பதிவின்போது தாமதத்தைத் தானே திருத்தி வைக்கும். அந்த அமைப்பை முதலில் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்து உங்களைக் குளிர்வித்துவிடும்.

சரி, பத்து என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு ஒலி ஏற்கெனவே 57 மில்லிசெகண்டு பிந்தித்தான் வருகிறது. அவருக்கு இன்னும் ஒரு பத்து கூடினால் தெரியவே தெரியாது. ஆகவே ஊருக்குப் போகும் ஒலியைப் பொறுத்தவரை தாமதம் ஒரு பொருட்டே இல்லை. தாமதம் தாமதம் என்று பயமுறுத்துகிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

மேடை வேறு. தரையில் கிடக்கும் மானிட்டர் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால் அதுவே நான்கு மில்லிசெகண்டு. அதோடு பத்து. தபலாக்காரர் பொறுத்துக்கொள்வார், அவர் சத்தம் அவருக்கு நேராகவும் கேட்கிறது. ரிதம் பேட் வாசிப்பவர்தான் முதலில் முகத்தைச் சுளிப்பார். அவர் அடிப்பது ரப்பர். மானிட்டரில் வந்தால்தான் அவருக்குச் சத்தம். அடித்த கைக்கும் கேட்கும் ஒலிக்கும் இடையே இடைவெளி விழுந்தால் அவர் தன்னையறியாமல் முந்தி அடிப்பார், பேஸ் கிடார்காரர் அவரைத் துரத்துவார். பாட்டு மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஞாயிறு ஆராதனை சொல்வது போல ஸ்கார்லெட்டின் உள் மிக்சரில் இருந்து மானிட்டர் கொடுக்கலாம். ஆனால் அந்த மிக்சரில் ஈக்யூ கிடையாது, லெவல் மட்டும்தான். இயர்போனுக்கு அது போதும். கொடை மேடையில் திறந்து கிடக்கும் மானிட்டர் பெட்டிக்கு ஈக்யூ இல்லாமல் ஒலி கொடுத்தால், அது மைக்குக்குள் திரும்பத் திரும்ப ஏறி இரண்டாவது பாட்டுக்குள் ஊளையிடும். எந்த அலைவரிசை ஊளையிடுகிறதோ அதைத் தேடி வெட்டக் கையில் ஒன்றும் இருக்காது. ஒலியளவைக் குறைப்பீர்கள், பாடகர் 'எனக்குக் கேட்கவில்லை' என்று சைகை காட்டுவார், ஏற்றுவீர்கள், ஊளை.

அடுத்து, மிக்ஸ் செய்யப்போவது யார்? கீபோர்டு வாசிக்கிற நீங்களா? ஒரு காட்சியைச் சொல்கிறேன், எல்லாக் கொடையிலும் நடப்பது. கார்ட்லெஸ் மைக்கை எடுத்துக்கொண்டு பாடகர் கூட்டத்துக்குள் இறங்குவார். இறங்கிப் பாக்ஸுக்கு நேர் முன்னால்தான் நிற்பார், ஏனென்றால் வெளிச்சம் அங்கேதான் விழுகிறது, கைப்பேசிகளும் அங்கேதான் நீள்கின்றன. மெல்லிதாக 'ஊ' என்று ஆரம்பிக்கும். அந்த நொடியில் ஒரு விரல் அந்த மைக்கின் ஃபேடர்மேல் (ஒலியளவுத் தள்ளுகட்டைமேல்) இருக்க வேண்டும். உங்கள் இரு கையும் இடையிசையில் இருக்கும். லேப்டாப் திரையில் ஏதோ ஒரு கம்ப்ரெஸ்ஸரின் ஜன்னல் திறந்து கிடக்கும், அதற்கு அடியில் ஃபேடர், எங்கே போனதென்று தெரியாத மவுஸ் அம்பு. இதற்குள் முன்வரிசையில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டிருக்கும்.

ஸ்டுடியோவில் பழகியவர்களை மேடையில் கவிழ்ப்பது கம்ப்ரெஸ்ஸர். வீட்டில் குரலை 6 டெசிபெல் அமுக்கி, மேக்கப் கெயினில் அதே 6ஐ ஏற்றிவிடுவீர்கள், குரல் முன்னால் வந்து நிற்கும். மேடையில் அதையே செய்தால், பாடகர் வாயை மூடும் இடத்தில் மைக் 6 டெசிபெல் அதிகமாகத் திறந்திருக்கும். ஊளைக்கு முன்னால் உங்களுக்கு இருந்த இடைவெளியில் அந்த 6 போய்விட்டது. பின்னால் ரிதம் பேட் பாக்ஸும் தபலாவும் அந்த மைக்குக்குள்ளேயே ஏறும். மேடையில் குரலுக்கு முதல் மருந்து 100, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவதும், பாடகரை மைக்கோடு ஒட்டிப் பாட வைப்பதும். இரண்டாவதற்குப் பிளக்-இன் இல்லை.

மின்சாரம். கொடையில் மின்வாரியத்தில் இருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும்போது யாரும் உங்களிடம் அனுமதி கேட்பதில்லை. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, அது தப்பிக்கும். ஸ்கார்லெட்டும் ஏடிஏவும் அணைந்து எழும். எழும்போது ஆம்ப்ளிஃபயர் திறந்திருந்தால் பாக்ஸில் ஓர் உதை விழும். விண்டோஸுக்கு ஆடியோ கருவி காணாமல் போயிருக்கும், ரீப்பரில் அதைத் திரும்பத் திறக்க வேண்டும். அதுவரை பதினைந்து சேனலும் மௌனம். டிஜிட்டல் மிக்சரும் கரண்ட் போனால் அணையும், ஆனால் எழுந்ததும் பெரும்பாலும் விட்ட நிலையிலேயே நிற்கும், ஒன்றையும் திறக்க வேண்டியதில்லை. எதை வைத்தாலும் கணினிக்கு வாங்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை நடுவில் போடுங்கள்.

லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் 'ங்ங்' என்று இரைச்சல் வந்தால், சிலர் சார்ஜர் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிடார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் இருக்கும்போது எர்த் இல்லாத மேடை ஆளைக் கொன்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி) இரண்டு போட்டால் இரைச்சல் போய்விடும்.

என் கடையில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: லேப்டாப் நின்றால் பாட்டு நிற்கக் கூடாது. குரலும் வாத்தியமும் போகும் நேர்வழியில் லேப்டாப்பை நிறுத்தாதீர்கள். பக்கவழியில் எவ்வளவு வேண்டுமானாலும் நிறுத்துங்கள்.

எப்படியென்றால், பெரிஞ்சர் எக்ஸ்ஆர்18 மாதிரி ஒரு பெட்டி மிக்சர். 16 மைக் உள்ளீடு, ஒவ்வொரு சேனலிலும் ஈக்யூ, கேட் (சின்னச் சத்தத்தை மூடும் கதவு), கம்ப்ரெஸ்ஸர், மானிட்டருக்கு ஆறு ஆக்ஸ் (துணை வெளியீடு), மைக்கில் இருந்து பாக்ஸ் வரை தாமதம் ஒரு மில்லிசெகண்டு அளவுதான். அதே பெட்டி யூஎஸ்பியில் 18 உள்ளே, 18 வெளியே போகும் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். குரலில் இருந்து ஒரு சென்ட் (கிளைவழி) யூஎஸ்பி வழியாக ரீப்பருக்குப் போகட்டும். அங்கே உங்களுக்குப் பிடித்த ரிவெர்ப், டிலே எல்லாம் நூறு சதவீதம் ஈரமாக, நேர் ஒலி ஒரு துளியும் கலக்காமல். திரும்பி வருவதை 17, 18ஆம் சேனலில் வாங்குங்கள். பத்து என்ன, இருபது மில்லிசெகண்டு தாமதம் வந்தாலும் ரிவெர்ப்புக்கு அது முன்தாமதம். ஸ்டுடியோவில் நாமே வேண்டுமென்று வைப்பதுதான். பஃபரை 256இல் நிம்மதியாக வைக்கலாம். லேப்டாப் உறைந்தால் எக்கோ மட்டும் போகும். பாட்டு ஓடும்.

நெல்லை கீபோர்டு:

அண்ணா, மிக்க நன்றி. கேபிள் போட்டு அளந்து பார்த்தேன். 128இல் 10.4 மில்லிசெகண்டு வந்தது. மென்பொருள் காட்டியது அதைவிடக் குறைவு. 64இல் 7.5 அளவுக்கு இறங்குகிறது, ஆனால் 16 டிராக்கிலும் பிளக்-இன் போட்டால் படபடவென்று வெடிக்கிறது. வைஃபையை அணைத்ததும் வெடிப்பு பாதியாகக் குறைந்தது, ஏனென்று விளங்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். குரலில் நான் வழக்கமாகப் போடும் ஈக்யூவைச் சேர்த்ததும் தாமதம் திடீரென்று எகிறுகிறது. குரல் மட்டுமல்ல, எல்லா டிராக்கும் சேர்ந்து பின்தங்குகின்றன. அது ஏன்?

திருச்சி பாடகி:

ஒலிப்பொறியியல் எனக்குத் தெரியாது, பாடுகிறவள். எங்கள் குழுவில் இப்படி ஓர் ஏற்பாடு செய்து, என் இயர்போனுக்கு லேப்டாப் வழியாகவே என் குரலைக் கொடுத்தார்கள். யாரும் 'தாமதமாகக் கேட்கிறது' என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அப்படிக் கேட்பதில்லை. குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுகிற மாதிரி இருக்கிறது. சில ஸ்வரங்கள் மட்டும் தொலைந்துபோகின்றன. தொலைகிற ஸ்வரத்தைத் தேடி நான் சத்தமாகப் பாடுகிறேன், ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடுகிறது. சொன்னால், 'ஈக்யூவில் சரிசெய்து தருகிறேன்' என்று ஒவ்வொரு மேடையிலும் ஏதோ திருகுகிறார்கள். சரியாவதே இல்லை. இதற்கும் நீங்கள் பேசும் மில்லிசெகண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பழைய மைக்செட்:

அம்மா, சம்பந்தம் உண்டு. நீங்கள் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ஈக்யூவில் அது சரியாகாது.

நீங்கள் பாடும்போது உங்கள் குரல் எலும்பு வழியாகவே உங்கள் உள்காதுக்குப் போய்விடுகிறது, தாமதமே இல்லாமல். இயர்போன் காதை அடைத்திருப்பதால் அது இன்னும் பலமாகக் கேட்கும். அதே குரல் சில மில்லிசெகண்டு கழித்து இயர்போனிலும் வருகிறது. இரண்டும் கூடும்போது சில அலைவரிசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 5 மில்லிசெகண்டு தாமதமென்றால் 100, 300, 500, 700 ஹெர்ட்ஸ் என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் பள்ளம் விழும். பெண் குரலின் அடிநாதம் நடமாடும் இடத்திலேயே இரண்டு மூன்று பள்ளம். நீங்கள் ஒரு ஸ்வரத்தில் நின்றால் நன்றாகக் கேட்கும், அடுத்ததற்கு நகர்ந்தால் பள்ளத்தில் விழும். அவர்கள் எந்த அலைவரிசையை ஏற்றினாலும், அழிவது உங்கள் தலைக்குள்ளே நடக்கிறது, மிக்சரில் அல்ல.

டிஜிட்டல் மிக்சரில் நேராக ஒரு மில்லிசெகண்டுக்குள் கொடுத்தால் முதல் பள்ளம் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், குரலின் அடிப்பாகம் திரும்பி வரும். அதற்கு மேலும் ஒல்லியாகக் கேட்டால், உங்கள் சேனலில் போலாரிட்டி (ஒலியலையைத் தலைகீழாக்கும்) பொத்தானை ஒரு தடவை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் வயிறு நிறைந்த குரல் கேட்கும், மற்றதில் கேட்காது. எது நிறைவோ அதிலேயே விட்டுவிடலாம். வெளியே கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. காசு செலவில்லாத வைத்தியம், ஆனால் முயன்று பார்க்கிறவர்கள் குறைவு.

தம்பிக்கு: உங்கள் ஈக்யூ லீனியர் ஃபேஸ் முறையில் இருக்கிறது. அந்த முறைக்கு வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும், அதற்காக ஆயிரக்கணக்கான சாம்பிளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரீப்பர் எல்லா டிராக்கையும் ஒன்றாகக் கோக்க வேண்டுமே, அதனால் மற்றவற்றையும் அதே அளவு பின்னால் நிறுத்துகிறது. பிளக்-இன் ஜன்னலின் அடியில் சிபியூ சதவீதத்துக்குப் பக்கத்தில் சாம்பிள் கணக்கு ஒன்று தெரியும், கவனித்திருக்கிறீர்களா? மேடைக்குக் கொண்டுபோகும் எதிலும் அது சுழியாக இருக்க வேண்டும். லுக்அஹெட் உள்ள லிமிட்டர், ஓவர்சாம்பிளிங் செய்யும் சாச்சுரேஷன், இரைச்சல் நீக்கும் பிளக்-இன்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ரீப்பரோடு இலவசமாக வரும் ரீஈக்யூவும் ரீகாம்ப்பும் பார்க்க அழகில்லை, தாமதமும் இல்லை.

வைஃபை விஷயம்: அதன் டிரைவர் அவ்வப்போது பிராசஸரைப் பிடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் ஆடியோ காத்து நிற்க வேண்டும். லேட்டன்சிமான் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, எந்த டிரைவர் குற்றவாளி என்று காட்டிக்கொடுக்கும். புளூடூத், விண்டோஸ் அப்டேட், மின்சேமிப்பு முறை இவற்றையும் அணையுங்கள். மேடை விளக்குக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைக்காதீர்கள், சூடேறினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வீட்டில் ஓடியது அங்கே ஓடாது.

சுருதி திருத்தம் பற்றி. திருத்தும் பிளக்-இன்னுக்கு எந்தெந்த ஸ்வரம் இருக்கலாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சிந்துபைரவி சாயலில் ஒரு பாட்டு எடுத்தால் பன்னிரண்டு ஸ்வரமும் எட்டிப் பார்க்கும். பன்னிரண்டையும் அனுமதித்தால் அது பக்கத்து ஸ்வரத்துக்கு இழுத்துச் சேர்த்துவிடும், ஏழு ஸ்வரத்தை மட்டும் அனுமதித்தால் அழகான இடத்தையே தப்பென்று அடித்துத் திருத்தும். கமகத்தைப் படிக்கட்டாக்கிவிடும். இது போதாதென்று மேடை மைக்கில் தபலாவும் கீபோர்டும் சேர்ந்து விழுமே, அவற்றையும் குரல் என்று எண்ணித் தடுமாறும். பாடகருக்கு மானிட்டரில் திருத்திய குரலைக் கொடுத்தால் தான் பாடுவது சரி என்று நம்பி இன்னும் விலகிப் போவார். அவருக்கு மானிட்டரில் கீபோர்டைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள். சுருதி தப்புகிறவர்களில் பாதிப்பேர் சுருதி கேட்காததால் தப்புகிறார்கள். மீதிப்பேரைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஞாயிறு ஆராதனை:

பெரியவர் சொல்வதில் ஒன்றை மறுக்கிறேன். 'நேர்வழியில் கணினியே கூடாது' என்பது எல்லோருக்கும் பொருந்தாது. எங்களுக்கு நிலையான மின்சாரம், நிலையான பாக்ஸ், மைக் இடம் மாறாது, மிக்ஸ் செய்யத் தனியாக ஒரு தம்பி ஃபேடர் பலகையோடு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கணினியில் வேறு எந்த மென்பொருளும் இல்லை, இணையமும் இல்லை. பெரிய கச்சேரிகளில் வேவ்ஸ் சவுண்ட்கிரிட் வைத்து மிக்ஸ் முழுவதையும் பிளக்-இன்னில்தானே கொண்டுபோகிறார்கள்?

பழைய மைக்செட்:

கொண்டுபோகிறார்கள். ஆனால் அங்கே பிளக்-இன்கள் லேப்டாப்பில் ஓடுவதில்லை. அதற்கென்றே செய்த சர்வர் ஒன்றில் ஓடுகின்றன, லேப்டாப் அதற்குத் திரை மட்டும். யூஏடி அப்பல்லோ இன்டர்ஃபேஸிலும் பிளக்-இன் ஓடுவது பெட்டிக்குள் இருக்கும் சில்லுகளில்தான். ஒரு சர்வர் விழுந்தால் ஏந்திக்கொள்ள இன்னொரு சர்வர் வைத்திருப்பார்கள். உங்கள் தேவாலயத்துக்கு நீங்கள் சொல்வது சரி. கூரை இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, அந்தத் தம்பி இருக்கிறான். வயல்வெளியில் தென்னந்தட்டி மேடை போட்ட கொடைக்கு அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நெல்லைத் தம்பிக்குச் சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. ஸ்டுடியோ அனுபவம் நிஜமாகவே கைகொடுக்கும் இடம் அது. பெட்டி மிக்சரை வாங்கினால் கச்சேரி முழுவதையும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்யுங்கள். மைக்கில் வந்த பச்சை ஒலியாக, மிக்சரின் ஈக்யூ கம்ப்ரெஸ்ஸருக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், 18 சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 9.3 ஜிபி. மூன்று மணி நேரக் கச்சேரி 28 ஜிபிக்குள் அடங்கிவிடும். மறுநாள் வீட்டில் அதே டிராக்குகளை யூஎஸ்பி வழியாக மிக்சரின் சேனல்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். மிக்சருக்கு அது மைக்கில் இருந்து வருகிற மாதிரியே இருக்கும். பாடகர் ஒருவரும் இல்லாமல், அவசரம் இல்லாமல், எந்தப் பாட்டில் புல்லாங்குழல் காணாமல் போகிறது, டோலக்கின் இடது பக்கம் எங்கே கடகடக்கிறது என்று உட்கார்ந்து திருத்தலாம். திருத்தியதைச் சேமித்து அடுத்த கொடைக்குக் கொண்டுபோகலாம்.

அடுத்த ஊரிலும் இது உதவும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் கமிட்டி சீக்கிரமே தொடங்கச் சொல்லும். பாடகர்கள் சாப்பாட்டுப் பந்தியில் இருப்பார்கள். நீங்கள் போன கச்சேரியின் டிராக்குகளை ஓடவிட்டு, அந்த மைதானத்தில், அந்தப் பாக்ஸில், குரல் எப்படிக் கேட்கிறது என்று நடந்துபோய்க் கேட்டு ஈக்யூவைச் சரிசெய்துவிடலாம். ஊளை வருமா என்பதை மட்டும் இது சொல்லாது. ஓடுவது பதிவு, மைக் திறந்திருக்கவில்லை. அதற்கு ஓர் ஆளாவது மைக் முன்னால் நின்றாக வேண்டும்.

நெல்லை கீபோர்டு:

இதை நான் யோசித்ததே இல்லை. சரி, ஸ்கார்லெட்டை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம் பாக்கி. கொடையில் மைக்செட்காரரின் மிக்சர் ஏற்கெனவே இருக்கும். அதை எடுத்துவிட்டு எங்கள் மிக்சரை வைக்க அவர் சம்மதிப்பாரா? போன வருடம் ஓர் ஊரில் கேட்டதற்கே சண்டை வந்துவிட்டது.

பழைய மைக்செட்:

எடுக்கச் சொல்லாதீர்கள். நானாக இருந்தாலும் சண்டை போடுவேன். பாக்ஸ் கிழிந்தால் காசு கொடுப்பவர் அவர்.

கமிட்டியிடம் அவருடைய எண்ணை வாங்கி, இரண்டு நாள் முன்னாலேயே நீங்களே பேசுங்கள். உங்கள் குழுவின் மைக்கெல்லாம் உங்கள் பெட்டிக்கு. பெட்டியில் இருந்து அவர் மிக்சருக்கு ஒரே ஒரு கேபிள், ஒரு சேனல், அங்கே ஈக்யூ நடுவில், எக்கோ மூடி. அறிவிப்பு மைக்கும் பூசாரியின் மைக்கும் அவரிடமே இருக்கட்டும், அவை உங்களுக்கு வேண்டாத தலைவலி. மாஸ்டர் ஃபேடர் அவர் கையில். இப்படிச் சொன்னால் முக்கால்வாசிப்பேர் மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள், பதினைந்து மைக் இழுக்கும் வேலை அவர்களுக்கு மிச்சம். மானிட்டர் பெட்டிகளை மட்டும் உங்கள் ஆக்ஸில் இருந்து ஓட்டிக்கொள்கிறேன் என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள், சண்டை அதில்தான் தொடங்கும்.

ஒரே கேபிள் என்றேன், கவனித்தீர்களா? இடது வலது என்று இரண்டாகக் கொடுத்தாலும் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய புனல் ஒலிபெருக்கிக்குப் போவது மோனோதான். உங்கள் அழகான ஸ்டீரியோ ரிவெர்ப்பை மோனோவாக்கிக் கேட்டுப் பாருங்கள், சில ரிவெர்ப்கள் மோனோவில் பாதிக்குமேல் காணாமல் போகும், சில அப்படியே நிற்கும். நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புனலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது, அதனால் பேஸ் கிடார் கேட்கவில்லை என்று அதை ஏற்றாதீர்கள்.

பெட்டியை டேப்லெட்டில் இயக்குவீர்கள் என்றால் அதற்குள்ளேயே இருக்கும் வைஃபையை நம்பிப் போகாதீர்கள். கூட்டம் கூடியதும் ஆயிரம் கைப்பேசி அதே அலைவரிசையில் பேசும். தனி ரௌட்டர் ஒன்று, அதிலிருந்து மிக்சருக்கு லேன் கேபிள், முடிந்தால் லேப்டாப்புக்கும் லேன் கேபிள். யூஎஸ்பி கேபிள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை லேப்டாப்போடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், மேடையில் பொன்னாடையோடு வருகிறவர்கள் கீழே பார்த்து நடப்பதில்லை.

புல்லாங்குழலுக்கு என்ன மைக் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?